வீட்டு முயலின் துள்ளல்: ஒரு நடத்தையைப் பொருள்கொள்ளும் முறை

வீட்டில் வளர்க்கப்படும் முயல், முன்னறிவிப்பு ஏதுமின்றி நின்ற இடத்திலிருந்தோ ஓட்டத்தின் நடுவிலோ அந்தரத்தில் எழும்பி, தலையை ஒரு பக்கமும் இடுப்பை மறுபக்கமுமாகத் திருகி, பின்கால்களை உதறிவிட்டு இறங்கும் துள்ளல், அவ்விலங்கின் நடத்தைகளுள் வளர்ப்போர் பெரிதும் விரும்பிப் பார்ப்பதாகும். உலகெங்கும் முயல் வளர்ப்போர் இதனைப் ‘பிங்கி’ என்று செல்லமாக அழைக்கின்றனர். தமிழில் கன்றுக்குட்டிக்கு வழங்கும் ‘துள்ளல்’ என்ற சொல்லே இதற்கும் பொருந்தும். முயல் துள்ளினால் அது மகிழ்ச்சியாக இருக்கிறது என்பது பரவலான கருத்து. அக்கருத்து பெரும்பாலும் சரியானதே எனினும், எத்தகைய மகிழ்ச்சி, எதனால் விளைந்தது, எவ்வளவு நேரம் நிலைப்பது என்ற வினாக்களை அது எழுப்புவதில்லை. கோலாலம்பூரையும் கிள்ளானையும் உள்ளடக்கிய கிள்ளான் பள்ளத்தாக்கின் வீட்டமைப்பு, வேலை நேரம், வெப்பம் ஆகியவற்றோடு சேர்த்து நோக்கும்போதுதான் இவ்வினாக்களின் முழு எடை புலப்படும்.

எந்த முயல்?

தமிழ் மரபு அறிந்த முயலும் இன்று வீடுகளில் வளரும் முயலும் வெவ்வேறு உயிரினங்கள் என்பதை முதலில் தெளிவுபடுத்த வேண்டும். திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரத்தில் யானைக்கு எதிரே வைத்துப் பேசப்படும் காட்டு முயல், லீபஸ் பேரினத்தைச் சேர்ந்தது. அது வளை தோண்டாமல் புல்மறைவில் படுத்துக்கிடக்கும், அதன் குட்டிகள் உடல் முழுதும் மயிரோடும் திறந்த கண்களோடும் பிறக்கும். செல்லப்பிராணிக் கடைகளில் விற்கப்படும் குள்ள இனங்களும், தொங்குகாது இனங்களும், பண்ணைகளின் நியூசிலாந்து வெள்ளை முயலும் ஒரிக்டோலாகஸ் குனிகுலஸ் என்ற ஒரே சிற்றினத்தின் வழிவந்தவை. ஸ்பெயினும் போர்ச்சுகலும் அடங்கிய ஐபீரியத் தீபகற்பமும் தென் பிரான்சும் அதன் தாயகம். கூட்டமாக வளை தோண்டி வாழ்வதும், மயிரற்ற, கண் திறவாத குட்டிகளை நிலத்தடியில் ஈனுவதும் அதன் இயல்பு.

கொறித்துண்ணிகளோடு சேர்த்து எண்ணப்பட்டுவந்த முயலை 1912ஆம் ஆண்டில் தனி வரிசையாகப் பிரித்தனர். எனினும், வளர்ப்போர் பலர் அதனை இன்றும் பெரிய எலியைப்போலவே கருதிக் கூண்டமைக்கின்றனர். இரையாக வாழ்ந்த விலங்கின் உடலமைப்பு அதனிடம் முழுமையாக உள்ளது: தலையின் இரு பக்கங்களிலும் அமைந்த கண்கள் ஏறத்தாழ நாற்புறமும் காண்கின்றன, பூனையின் எலும்புக்கூடு உடல் எடையில் 12 முதல் 13 விழுக்காடாக இருக்க, முயலினுடையது 7 முதல் 8 விழுக்காடே, பின்கால் தசைகளோ அவ்வுடலின் அளவுக்கு மிஞ்சிய வலிமை உடையவை. 2014ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆய்வு, மூளை வளர்ச்சியோடு தொடர்புடைய மரபணுக்களில் நேர்ந்த சிறுசிறு மாற்றங்கள் பல சேர்ந்தே காட்டு முயலை வீட்டு முயலாக்கின என்று காட்டியது. 2018ஆம் ஆண்டின் மற்றோர் ஆய்வு, வீட்டு முயலின் மூளையில் அச்சத்தை இயக்கும் பகுதியாகிய அமிக்டலா சிறுத்தும், அச்சத்தை அடக்கியாளும் முன்மூளைப் பகுதி விரிந்தும் இருப்பதைக் கண்டறிந்தது. ஆகவே வீட்டு முயல் அச்சம் தணிந்த விலங்கே ஆயினும் அச்சம் அற்ற விலங்கன்று. அதன் துள்ளலைப் படிப்போர் இதனை நினைவில் இருத்த வேண்டும்.

துள்ளலின் வடிவம்

துள்ளலை உற்று நோக்கினால் அது ஒற்றை அசைவாக இல்லாமல் ஒரு வரிசையாக அமைந்திருப்பது தெரியும். முயல் முதலில் சில தப்படிகள் விரைந்து ஓடுகிறது. காதுகள் தளர்ந்து பின்னோக்கிச் சரிகின்றன. பின்கால்கள் இரண்டும் ஒருசேர நிலத்தை உந்த, உடல் மேலெழும் அக்கணத்தில் தலை இடப்பக்கம் வெட்டித் திரும்பினால் இடுப்பு வலப்பக்கம் முறுக்குகிறது. பின்பாதங்கள் வெறுவெளியை உதைக்கின்றன. இறங்கும்போது உடல் புறப்பட்ட திசையை விட்டு வேறொரு திசையை நோக்கியிருக்கிறது. நின்ற இடத்திலேயே தலையையும் காதுகளையும் ஒருமுறை சிலிர்த்து, முன்கால்களை மட்டும் சற்றே தூக்கி அடங்கும் அரைத்துள்ளலும் உண்டு. வயது முதிர்ந்த முயல்களிடமும், இடம் போதாத முயல்களிடமும் இந்த அரைத்துள்ளலே பெரும்பாலும் காணப்படுவதால், உயரத்தை மட்டும் அளவாகக் கொள்வோர் இதனைத் தவறவிடுகின்றனர்.

துள்ளலுக்குப் பின் நிகழ்வது துள்ளலைவிடத் தெளிவான செய்தியைத் தரும். மகிழ்ந்து துள்ளிய முயல், மீண்டும் ஓடுகிறது, அல்லது ஒன்றுமே நடவாததுபோல் புல்லைக் கடிக்கிறது, அல்லது முகத்தைக் கழுவிக்கொள்கிறது, அல்லது பக்கவாட்டில் தொப்பென்று சாய்ந்து கால்களை நீட்டிப் படுத்துவிடுகிறது. புதிதாக வளர்ப்போர் இறந்துவிட்டதோ என்று பதறும் அளவுக்குத் திடீரென நிகழும் அச்சாய்வு, எதிரியின் நினைவே இல்லாதபோது மட்டும் இரைவிலங்கு துணியும் ஓய்வுநிலையாகும்.

துள்ளலின் காரணம்: மூன்று விளக்கங்கள்

விலங்குகள் ஏன் விளையாடுகின்றன என்ற வினாவுக்கு அறிவியல் தந்த விடைகள் காலந்தோறும் மாறிவந்துள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹெர்பர்ட் ஸ்பென்சர், உணவும் பாதுகாப்பும் கிட்டிய விலங்கிடம் மிஞ்சும் ஆற்றலே விளையாட்டாக வழிகிறது என்றார். கார்ல் குரூஸ் 1896ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், பிற்கால வாழ்வுக்குத் தேவையான திறன்களுக்கு இளம் விலங்கு மேற்கொள்ளும் பயிற்சியே விளையாட்டு என்று வாதிட்டார். மூன்றாவதாக, ஸ்பிங்கா, நியூபெரி, பெக்காஃப் ஆகிய மூவர் 2001ஆம் ஆண்டில் முன்வைத்த கருத்து முயலின் துள்ளலுக்கு மிக நெருக்கமானது. எதிர்பாராத நிலைகளுக்கு உடலையும் மனத்தையும் பழக்குவதற்காகவே விலங்கு விளையாட்டின்போது தன் சமநிலையைத் தானே குலைத்துக்கொள்கிறது என்பது அவர்கள் கருத்து.

துரத்தப்படும் முயல் நேர்க்கோட்டில் ஓடுவதில்லை. பருந்தோ நரியோ அடுத்த அடியைக் கணிக்க முடியாதபடி இங்குமங்கும் வெட்டித் திரும்பி ஓடுகிறது. கணிக்க இயலாமையே கேடயமாக அமையும் இத்தகைய ஓட்டத்தின் உறுப்புகளாகிய திடீர்த் திருப்பம், முறுக்கு, பின்னுதை ஆகிய அனைத்தும் துள்ளலில் இருக்கின்றன. இல்லாதது துரத்தும் எதிரி ஒன்றே. குட்டி முயல்களும் இளமுயல்களும் முதிர்ந்தவற்றைவிட மிகுதியாகத் துள்ளுவதும் பயிற்சிக் கருத்துக்கு வலுவூட்டுகிறது. ஆனால், பயிற்சி என்பது அந்நடத்தை பரிணாமத்தில் நிலைபெற்றதற்கான காரணமே தவிர, அந்த நொடியில் முயல் உணர்வது அதுவன்று. பசிக்காக உண்பவர் உடல் வளர்ச்சியை எண்ணி உண்பதில்லை என்பதுபோல, துள்ளும் முயலும் பருந்தை எண்ணித் துள்ளுவதில்லை.

அந்த நொடியின் உணர்வைப் பற்றிப் பேச இயலுமா என்பது நெடுங்காலம் தயக்கத்துக்கு உரியதாக இருந்தது. எளிய காரணத்தால் விளக்கக்கூடிய ஒன்றுக்கு உயர்ந்த மனச்செயலைக் கற்பிக்கலாகாது என்று லாயிட் மார்கன் 1894ஆம் ஆண்டில் வகுத்த நெறி, விலங்கின் மகிழ்ச்சி என்ற சொல்லையே ஐயத்தோடு நோக்கச் செய்தது. அத்தயக்கம் இன்று தளர்ந்துள்ளது. கோர்டன் பர்கார்ட் 2005ஆம் ஆண்டு நூலில் ஒரு செயலை விளையாட்டு என்று கொள்வதற்கு ஐந்து அடையாளங்களை வரையறுத்தார்: உடனடிப் பயனை முழுமையாக நாடாமை, தானே விரும்பிச் செய்தல், இயல்பான செயலின் வடிவிலிருந்து மாறுபடுதல், மீண்டும் மீண்டும் நிகழ்தல், பசி, அச்சம், நோய் ஆகியவற்றின் அழுத்தம் இல்லாதபோது நிகழ்தல். துள்ளல் இந்த ஐந்துக்கும் பொருந்துகிறது. ஐந்தாவது அடையாளமே வளர்ப்போருக்கு முதன்மையானது. விளையாட்டு, உயிர் பிழைக்கும் கவலைகள் ஓய்ந்திருக்கும்போது மட்டும் கட்டுப்படியாகும் ஆடம்பரச் செலவு என்பதால், அது நிகழ்வது அந்த வேளையில் முயல் நலமாக உள்ளதற்கான சான்றாகிறது.

துள்ளல் போலத் தோன்றுபவை

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று சாதிப்பதுபோல, முயலின் ஒவ்வொரு எழும்பலையும் மகிழ்ச்சி என்றே கொள்வது தீங்கில் முடியலாம். கருத்தடை அறுவை செய்யப்படாத ஆண் முயல், பெண் முயலையோ வளர்ப்பவரின் பாதங்களையோ வட்டமிட்டு மெல்லிய முனகலோடு தாவி, சில வேளைகளில் தாவும்போதே சிறுநீரைப் பீச்சும். இது இணைநாடும் நடத்தை. மின்னலுக்கோ பட்டாசு ஓசைக்கோ திடுக்கிட்டு எழும்பும் முயல் இறங்கியதும் உறைந்து நிற்கும். காதுகள் விறைத்து, கண்வெண்மை தெரிய, பின்காலால் தரையை ஓங்கித் தட்டும். அத்தட்டல் வளையில் உள்ள கூட்டத்திற்கு அது விடுக்கும் அபாய அறிவிப்பு. தூக்கியவரின் கையில் முயல் உதறி எழும்புவது முற்றிலும் அச்சத்தால் விளைவது. வலிய பின்கால்கள் பிடிமானமின்றி உதைக்கும்போது மெலிந்த இடுப்பு முள்ளெலும்பு முறிந்து, முயல் வாழ்நாள் முழுதும் நடக்க இயலாமற்போவதும் உண்டு.

நோயும் துள்ளலின் வேடம் பூணும். காதுப் பூச்சிகள் தொற்றிய முயல் அடிக்கடி தலையைச் சிலிர்ப்பது அரைத்துள்ளலைப் போலத் தோன்றும். நடுக்காதுத் தொற்றும், என்செபாலிடோசூன் குனிகுலி என்ற நுண்ணுயிர் மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்குவதும் தலைசாய்வையும் உருளலையும் உண்டாக்கும். வேறுபடுத்தும் முறை கடினமானதன்று: விளையாட்டுத் துள்ளல் ஒவ்வொரு முறையும் வேறாகவும், இரு பக்கமும் மாறிமாறியும், தூய்மையான இறக்கத்தோடும் அமையும், நோயின் அசைவு ஒரே பக்கமாக, ஒரே மாதிரியாக, தடுமாற்றத்தில் முடியும்.

முகமும் துணைச்சான்று தருகிறது. 2012ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்ட முயல் முகவலி அளவீடு, கண் சுருங்குதல், கன்னம் தட்டையாதல், மூக்கின் வடிவம், மீசைமயிரின் நிலை, காதுகளின் நிலை ஆகிய ஐந்தையும் கொண்டு வலியை மதிப்பிடுகிறது. தொங்குகாது இனங்களில் காதின் மொழி பாதி மறைந்துவிடுகிறது. அவ்வினங்களுக்குக் காதுநோயும் பல்நோயும் நிமிர்காது முயல்களைவிட மிகுதி என 2019ஆம் ஆண்டின் ஆய்வொன்று காட்டியதால், அவற்றை வளர்ப்போர் இருமடங்கு கவனத்தோடு பார்க்க வேண்டியுள்ளது.

கிள்ளான் பள்ளத்தாக்கின் வீடும் வேளையும்

குரைக்காததும், குறைந்த இடத்தில் வளர்க்கலாம் என்று கருதப்படுவதும், பல இன, பல சமய மக்கள் ஒரே கட்டடத்தில் வாழும் இடத்தில் எவருக்கும் உறுத்தாததும் ஆகிய காரணங்களால் முயல் கிள்ளான் பள்ளத்தாக்கின் அடுக்குமாடிகளுக்குப் பொருத்தமான செல்லப்பிராணியாகத் தோன்றுகிறது. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் அது பெரும்பாலும் பால்கனியிலோ சமையலறைக்குப் பின்புறத்திலோ வைக்கப்படும் கம்பிக் கூண்டில் இருக்கிறது. கிள்ளானின் தாமான்கள் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளின் தரைவீடுகளில் கார் நிறுத்தும் முன்கூரையின் கீழ் இருக்கிறது. துள்ளலை முடிவுசெய்யும் நான்கு காரணிகள் இங்கே தொடங்குகின்றன: இடம், வேளை, வெப்பம், தரை.

இடத்தைப் பொறுத்தவரை, பிரித்தானியாவின் முயல் நலச் சங்கம் ஓர் இணை முயல்களுக்கு எப்போதும் திறந்திருக்கும் 3 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் 1 மீட்டர் உயரமும் கொண்ட இடத்தைக் குறைந்த அளவாகப் பரிந்துரைக்கிறது. பி.பி.ஆர். எனப்படும் மக்கள் வீடமைப்புத் திட்டத்தின் வீடு ஏறத்தாழ 700 சதுர அடி கொண்டது. மேற்சொன்ன 6 சதுர மீட்டர் அதில் பதினொன்றில் ஒரு பங்குதான். சிறுவீட்டில் இது இயலாத காரியமன்று, ஆனால் வீட்டார் மனமுவந்து ஒதுக்க வேண்டிய இடம். கடையில் விற்கும் இரண்டரை அடிக் கூண்டோ முயல் பின்கால்களில் நிமிர்ந்து நிற்கவும் இடம் தருவதில்லை.

வேளை இன்னும் நுட்பமானது. முயல் விடியலிலும் அந்தியிலும் சுறுசுறுப்படையும் விலங்கு. நண்பகலில் வளைக்குள் உறங்குவது அதன் இயல்பு. கோலாலம்பூரில் ஆண்டு முழுவதும் சூரியன் காலை 7 மணியை ஒட்டி எழுந்து மாலை 7 மணியை ஒட்டி மறைகிறது. கிள்ளானிலிருந்து கொம்யூட்டர் ரயிலில் கோலாலம்பூர் சென்ட்ரலுக்கு வேலைக்குச் செல்பவர், முயல் ஓட விழையும் அதே விடியலில் கூண்டைத் தாழிட்டுவிட்டுக் கிளம்புகிறார். அந்தி சாய்ந்தபின் திரும்பி வந்து கதவைத் திறக்கிறார். திறந்ததும் முயல் வரவேற்பறையெங்கும் ஓடித் துள்ளுகிறது. தம்மைக் கண்ட மகிழ்ச்சி என்று வீட்டார் உருகுகின்றனர். அவ்வன்பில் பிழையில்லை; ஆனால் அத்துள்ளலில் அந்தியின் கடிகாரமும் பகலெல்லாம் அடைபட்டிருந்த உடலும் கலந்துள்ளன.

அடக்கிவைக்கப்பட்ட செயல், வாய்ப்புக் கிடைத்ததும் வழக்கத்தைவிட மிகுந்து பீறிடுவதை நடத்தையியலார் மீள்பெருக்கம் என்பர். கட்டிவைக்கப்பட்ட கன்றுகள் அவிழ்த்துவிடப்பட்டதும் கூடுதலாகத் துள்ளுவது 1990களின் இறுதியில் டென்மார்க்கில் ஆராயப்பட்டது. முயல்களைப் பொறுத்தவரை, பிரிஸ்டல் பல்கலைக்கழகக் குழுவினர் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. இணைகளாக வாழும் வீட்டு முயல்களை 0.73 அல்லது 1.86 சதுர மீட்டர் கூண்டுகளில் வைத்து, 3.35 சதுர மீட்டர் ஓடுவெளியைச் சிலவற்றுக்கு நாள் முழுதும் திறந்தும், சிலவற்றுக்கு நண்பகலில் 3 மணி நேரம் மட்டும் திறந்தும் அவர்கள் ஒப்பிட்டனர். அளவோடு திறந்துவிடப்பட்ட முயல்கள் அந்த 3 மணி நேரத்தில் மிகையாக இயங்கின. சிறிய கூண்டும் குறைந்த திறப்பும் சேர்ந்தபோது, மன அழுத்தத்தைக் காட்டும் கார்டிகோஸ்டீரோன் என்ற சுரப்பின் அளவு எச்சத்தில் உயர்ந்திருந்தது. இதனால் பெறப்படுவது: கூண்டிலிருந்து விடுபட்ட முயலின் மிகுந்த துள்ளல், அந்த நொடியின் மகிழ்ச்சிக்கும் அதற்கு முந்தைய மணிநேரங்களின் அடைப்புக்கும் ஒரே நேரத்தில் சாட்சியாகிறது. நாள் முழுதும் கதவு திறந்திருக்கும் முயல் அவ்வளவு வெறியோடு துள்ளாமல் போகலாம். அதன் வாழ்வு அதனால் குறைந்ததாகாது.

வெப்பம் மூன்றாவது காரணி. முயலுக்கு உடல் வழியே வியர்த்துக் குளிரும் ஆற்றல் இல்லை. காதுகளின் இரத்தநாளங்களே வெப்பத்தை வெளியேற்றும் முதன்மை வழி. அது நலமாக உணர்வது ஏறத்தாழ 15 முதல் 21 பாகை செல்சியசில். கோலாலம்பூரின் பகல் வெப்பமோ ஆண்டு முழுதும் 32, 33 பாகையைத் தொடுகிறது, காற்றின் ஈரப்பதமும் மிகுதி. காருக்குப் பக்கத்தில், தகரக் கூரையின் கீழ் நிற்கும் கூண்டில் முயல் அசையாது கிடப்பதை அடக்கமான குணம் என்று கொள்வது தவறு. அது வெப்பத்தைத் தாங்கிக்கொள்கிறது. மூக்கின் வழியாகவே பெரும்பாலும் மூச்சுவிடும் விலங்காதலால் புகைமூட்டக் காலங்களிலும் அது துன்புறும்.

தரை, எளிதில் கவனிக்கப்படாத காரணி. இப்பகுதியின் வீடுகளில் குளிர்ச்சிக்காகப் போடப்படும் வழவழப்பான டைல்ஸ் தரை, மெத்தைத்தசை இல்லாமல் மயிரடர்ந்த பாதம் கொண்ட முயலுக்குப் பனிக்கட்டியைப் போன்றது. அந்தி வேளையில் அத்தகைய வரவேற்பறையைப் பார்த்தால், முயல் சுவரோரக் கால்மிதியில் ஏறி நின்று, அடுத்த பாய்வரை கழுத்தை நீட்டி அளந்து, நடுவிலுள்ள தரையைக் கால் பரப்பி மெல்லக் கடந்து, பாயில் நான்கு பாதங்களும் பதிந்தபின்பே துள்ளுவது தெரியும். ஒரு பாயை அகற்றினால் அந்த மூலையில் துள்ளல் நின்றுவிடும். துள்ள மறுக்கும் முயலைச் சோம்பலானது என்று முடிவுகட்டுமுன், அதற்குக் காலூன்ற இடம் உள்ளதா என்று பார்ப்பதே முறை.

பொருள்கொள்ளும் நெறி

மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், அதாவது 772ஆவது சட்டம், 2017ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. விலங்கைத் துன்புறுத்தாதிருப்பதோடு நில்லாமல், அது தன் இயல்பான நடத்தையை வெளிப்படுத்த இடம் தருவதையும் வளர்ப்பவரின் கடமைகளுள் ஒன்றாக அது சேர்த்தது. அக்கண்கொண்டு நோக்கினால், ஓடவும் திரும்பவும் துள்ளவும் இயலும் இடம் முயலுக்குச் செய்யும் சலுகையன்று, கொடுத்தே ஆகவேண்டிய ஒன்று. 2023ஆம் ஆண்டு ஜனவரி 22 அன்று தொடங்கிய சீன முயல் ஆண்டைப் போன்ற பருவங்களில் பரிசாகவும் அதிர்ஷ்டச் சின்னமாகவும் வாங்கப்படும் குட்டிகள், நன்கு வளர்க்கப்பட்டால் 8 முதல் 12 ஆண்டுகள்வரை வாழக்கூடியவை. அதாவது, அடுத்த முயல் ஆண்டாகிய 2035ஐ நெருங்கும் காலம்வரை அக்கடமை தொடர்கிறது.

இதுவரை கண்டவற்றிலிருந்து, துள்ளலைப் படிப்பதற்கு நெறியொன்றைத் தொகுக்கலாம். தனியொரு துள்ளலை எடைபோடாமல், அதற்கு முன் முயல் எங்கே, எவ்வளவு நேரம் இருந்தது என்பதையும், அதன்பின் அதன் உடல் தளர்ந்ததா விறைத்ததா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு முயலின் துள்ளலை வேறொரு முயலின் துள்ளலோடு ஒப்பிடுவதைவிட, அதே முயலின் சென்ற வாரத்தோடு ஒப்பிடுவது பயன்தரும். நாள்தோறும் துள்ளிய முயல் சில நாள்களாகத் துள்ளவில்லை என்றால், பல்வலி, பாதப்புண், மூட்டு நோய், வெப்பம், துணையின் இழப்பு ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஆராய வேண்டும். துள்ளாமையோடு உண்ணாமையும் சேர்ந்துவிட்டால் குடலியக்கம் நின்றுபோகும் இடர் உண்டு. அப்போது மறுநாள்வரை காத்திராமல் முயல்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

துள்ளல் மகிழ்ச்சியின் அடையாளமே. ஆராய்ச்சி அந்த எளிய நம்பிக்கையைப் பொய்யாக்கவில்லை, அதன் எல்லையை மட்டும் காட்டியுள்ளது. அந்தியில் கூண்டைத் திறந்து துள்ளலைக் கண்டு மகிழும் வீட்டார், விடியலிலும் அக்கதவைத் திறந்துவைத்து, டைல்ஸ் தரையின்மேல் பாய் விரித்து, காற்றாடியின் கீழ் நிழலமைத்து, துணைக்கு இன்னொரு முயலையும் சேர்த்துவிட்டால், காலப்போக்கில் துள்ளல் சற்றே குறைவதைக் காணக்கூடும். அதற்காக அவர்கள் வருந்த வேண்டியதில்லை. அந்த முயல் இரண்டு துள்ளல்களுக்கு இடையே பாயின்மேல் பக்கவாட்டில் சாய்ந்து, கால்களை நீட்டிக் கண்ணயர்ந்திருக்கும்; ஒரு நாளின் மகிழ்ச்சி முழுவதையும் ஒரே மணிநேரத்தில் செலவிட வேண்டிய அவசரம் அதற்கு இராது.